பேஸ் எப்படிண்ணா இருக்கும்?

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள செல்போன் கடைகளில் இயர்போன் வியாபாரம் அதிக நேரம் இழுப்பதில்லை. பெங்களூரு பஸ் கிளம்பப்போகிற அவசரத்தில் வருகிற பையன், வரிசையாகத் தொங்குகிற பாக்கெட்டுகளைக் காட்டி, "பேஸ் எப்படிண்ணா இருக்கும்?" என்பான். "செமையா இருக்கும் தம்பி, போட்டுப் பாரு" என்று கடைக்காரர் தன் போனிலேயே ஒரு குத்துப்பாட்டைத் தட்டிவிடுவார். பத்து வினாடி. அதைக் கழற்றிவிட்டு அடுத்தது. இன்னொரு பத்து வினாடி. "இது கொஞ்சம் டல்லடிக்குது, முதல்ல போட்டதையே குடுங்க." காசு கைமாறும், பையன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான்.

ஒலியின் தரத்தை ஒப்பிட்டுத்தான் வாங்கினோம் என்று அவன் நம்புகிறான். பெரும்பாலும் அவன் ஒப்பிட்டது சத்தத்தை. எது உரக்கப் பாடியதோ அது ஜெயித்திருக்கும்.

ஒரே போன், ஒரே வால்யூம் என்றாலும் எல்லா இயர்போன்களும் ஒரே அளவு சத்தம் போடுவதில்லை. அட்டைப்பெட்டியின் பின்பக்கம் 'சென்சிடிவிட்டி' என்று பொடி எழுத்தில் ஒரு டெசிபல் கணக்கு அச்சடித்திருப்பார்கள். ஒன்றில் 98, இன்னொன்றில் 106 என்று இருந்தால் இரண்டாவது கணிசமாக உரக்கக் கேட்கும். அந்த வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடுதல்' என்று எடுத்துக்கொண்டால் தொல்லையில்லை. 'கிளாரிட்டி கூடுதல்', 'பேஸ் கூடுதல்' என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

ஏன் என்பதற்கான விடை 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் டபிள்யூ. ஏ. மன்சனும் வெளியிட்ட வளைகோடுகளில் இருக்கிறது. மனிதக் காதுக்கு எல்லா ஒலிகளும் ஒன்றல்ல. தாழ்ந்த ஒலிகள் விஷயத்தில் அது மந்தம். சத்தம் குறையக் குறைய இன்னும் மந்தம். 40 டெசிபலில் ஒலிக்கும் 1000 ஹெர்ட்ஸ் நாதத்துக்கு இணையாக 100 ஹெர்ட்ஸ் நாதம் கேட்க வேண்டுமானால் அதற்கு 60 டெசிபலுக்கும் மேல் கொடுத்தாக வேண்டும் என்கிறது இன்று புழக்கத்தில் உள்ள ஐ.எஸ்.ஓ. 226 தரநிலை. வால்யூமை ஏற்றினால் இந்த இடைவெளி சுருங்கும். கருவியில் எதுவும் மாறாமலே, உரக்க வைத்த ஒரே காரணத்தால் பேஸ் மேலெழுந்து வரும். எண்பதுகளில் ஊருக்கு ஊர் முளைத்த கேசட் பதிவுக் கடைக்காரர்கள் ஃப்ளெட்சரைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் புது செட்டில் பாட்டுப் போட்டுக் காட்டும்போது வால்யூம் குமிழை எங்கே வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே இரண்டு இயர்போன்களை நேர்மையாக ஒப்பிட நினைப்பவருக்கு முதல் வேலை, சத்தத்தைச் சமப்படுத்துவது. ஆய்வகத்தில் மைக் வைத்து, ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கு வரை சரிபார்ப்பார்கள். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. காதாலேயே ஏறக்குறையச் சமப்படுத்தலாம். அதற்குப் பாட்டு உதவாது. பேஸ் தூக்கலான கருவி பாட்டில் உரக்கக் கேட்பதாகத் தோன்றி ஆளை ஏமாற்றும். வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல் போன்ற வெறும் பேச்சு நல்லது. அது நடுத்தர ஒலிகளிலேயே பெரும்பாலும் நின்றுகொள்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூமுக்கு 15 படிகள்தான் என்பதால், ஒரு படி ஏற்றினால் அதிகம், இறக்கினால் குறைவு என்று மாட்டிக்கொள்ள நேரும். அப்போது பாட்டுச் செயலியின் ஈக்வலைசரில் 'ப்ரீஆம்ப்' பட்டையைத் துளித்துளியாக நகர்த்திப் பார்க்கலாம். அதிலும் சமன் வரவில்லையா, ஏற்கெனவே மனதுக்குப் பிடித்துவிட்ட கருவியை ஒரு துளி குறைத்து வைப்பது பாதுகாப்பு. குறைவான சத்தத்திலும் அதுவே பிடித்திருந்தால் அந்தப் பிடித்தத்தில் விஷயம் இருக்கிறது.

அடுத்த சிக்கல் நினைவு. ஒரு பாட்டு ஆயுசுக்கும் மனதில் நிற்கும். அந்தப் பாட்டின் ஒலி ஒரு கருவியில் எப்படி இருந்தது என்கிற நுணுக்கம் சில வினாடிகளில் கரைந்துவிடும். 'போன தீபாவளிக்கு அண்ணன் வாங்கின ஹெட்செட் இதைவிட நல்லா இருந்துச்சு' என்பது பாசத்தின் சாட்சியமாக இருக்கலாம், காதின் சாட்சியம் அல்ல. எனவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சட்டென்று நடக்க வேண்டும். வயர் உள்ளவற்றுக்கு ஒரு ஸ்ப்ளிட்டர் போதும்: ஒரு போனிலிருந்து இரண்டு இயர்போன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு போகும், காதில் இருப்பதையும், சமப்படுத்தியபோது குறித்துவைத்த வால்யூமையும் மாற்றினால் சரி. (1979இல் வந்த சோனியின் முதல் வாக்மேனிலேயே இப்படி இரண்டு துளைகள் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து கேட்பதற்காக வைத்தது. ஒப்பிடுபவர்களுக்கும் தோதாக அமைந்துவிட்டது.)

சட்டென்று மாற்றினாலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறதே, முதல் இயர்போனில் பல்லவி, இரண்டாவதில் வீணை இடையிசை என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? அதனால்தான் பொறியாளர்கள் 'பிங்க் நாய்ஸ்' என்கிற மாறாத இரைச்சலைப் பயன்படுத்துகிறார்கள். தாழ்ந்ததிலிருந்து உச்சம் வரை ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரே அளவு ஆற்றல் கொண்ட ஒலி அது. ஒகேனக்கல்லில் பரிசல் அருவியை நெருங்கும்போது கேட்கிற இரைச்சல் ஏறக்குறைய இந்த இனம்தான். ஒரு இயர்போனில் அது 'ஹோ'வென்றும் இன்னொன்றில் 'ஸ்ஸ்' என்றும் கேட்டால் இரண்டின் குணமும் பிடிபட்டுவிடும். இரைச்சல் கேட்கப் பிடிக்காதவர்களுக்குத் தம்புரா இருக்கிறது. மாறாத சுருதி, அதன்மேல் அடுக்கடுக்காக மேற்சுரங்கள். எந்த நொடியில் மாற்றினாலும் அதே ஒலி காத்திருக்கும்.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இவற்றையெல்லாம்விடக் கடுமையான தேர்வுத்தாள் ஊரிலேயே உண்டு: கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பதும், இரவில் விடிய விடியக் கூத்து நடப்பதும், கடைசியில் துரியோதனனின் மண்ணுருவத்தை வைத்துப் படுகளம் நடப்பதும் இந்தப் பகுதியில் பழகிய காட்சிகள். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் என்று நாலைந்து கருவிகள்தான். ஆனால் காது கேட்கும் எல்லையில் பெரும்பகுதியை அந்தச் சின்ன மேளக்காரர் வரிசை நிரப்பிவிடுகிறது.

முகவீணை நாகசுரத்தின் குட்டி உறவு; சீவாளி வைத்து ஊதுவது. குட்டைக் குழல் என்பதால் சுருதி உச்சம், மைக் இல்லாத காலத்திலும் கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த ஒலி. அதன் வலுவான மேற்சுரங்கள் விழுவது காது மிகக் கூர்மையாக இருக்கிற 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான வட்டாரத்தில். இந்த வட்டாரத்தைத் தூக்கிவைத்திருக்கிற இயர்போனில் முகவீணை காதைக் கிழிக்கும். அமுக்கிவைத்திருப்பதில் சளி பிடித்தவர் ஊதுவதுபோல இருக்கும். தாளம் அதற்கும் மேலே நடக்கிற விவகாரம்: வெண்கலம் மோதிய கணமும் அதற்குப் பின் நீளும் ரீங்காரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, இரண்டும் கலந்து வெறும் 'ச்' என்று முடிகிறதா என்று கவனித்தால் போதும். கூத்தை நடத்திச்செல்லும் கட்டியக்காரனின் வசனம் எல்லா வாத்தியங்களுக்கும் நடுவில் எழுத்துச் சுத்தமாக வருகிறதா என்பது இன்னொரு சோதனை. ஒரு எச்சரிக்கை: இணையத்தில் ஏறியிருக்கும் கூத்துப் பதிவுகளில் பல, கூட்டத்தின் நடுவே செல்போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தவை. அவற்றில் கேட்கும் கரகரப்பு கூம்பு ஒலிபெருக்கியுடையது. அதற்கு இயர்போனைத் திட்டக் கூடாது.

மிருதங்கத்துக்கு வருவோம். அதன் இயற்பியலை ஆராய்ந்தவர் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன். நோபல் பரிசுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால், 1920இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இந்தியத் தோல்கருவிகளைப் பற்றி எழுதினார். சாதாரண மேளத்தின் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லாமல் சிதறிக் கிடக்கும். அதனால்தான் அதில் சுருதி தெளிவாகப் பிடிபடுவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவே அப்பியிருக்கும் கரும்பசை தோலின் எடையை மாற்றி, அந்த மேற்சுரங்களை ஒன்றின் முழு மடங்குகளாக ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இயர்போன் வாங்குகிறவருக்கு இதில் என்ன லாபம்? வலந்தலையில் விழும் ஓர் அடியைக் கேட்டு அதன் சுருதியை வாய்விட்டு முனக முடிந்தால், அந்தக் கருவி நடுத்தர ஒலிகளை ஒழுங்காகக் கொடுக்கிறது. இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கையால் அழுத்தி எழுப்பும் கும்கி, கீழிருந்து மேலே வளைந்து ஏறும் ஒலி. பேஸ் அளவோடு இருக்கும் இயர்போனில் அந்த வளைவு முழுதாகக் கேட்கும். பேஸை ஊதிப் பெருக்கிய இயர்போனில் வளைவு தொலைந்துபோய், எல்லா அடியும் ஒரே 'தும்'மாகிவிடும். கடையில் ஜெயிப்பது இந்த இரண்டாவது ரகம்தான் என்பது வருத்தமான செய்தி.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1978இல் வந்த 'ப்ரியா' போல ஸ்டீரியோவில் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படங்களிலிருந்து இளையராஜாவின் எந்தப் பாட்டை எடுத்தாலும், வாத்தியங்கள் இடமும் வலமும் பிரிந்து நிற்க, பாடுகிறவர் குரல் பெரும்பாலும் தலைக்கு நடுவில் இருக்கும். குரல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இயர்போனின் இரு பக்கமும் சமமில்லை என்று சந்தேகிக்கலாம். கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்லது. சாய்வு மறுபக்கம் போனால் கோளாறு இயர்போனில். சாய்வு அதே காதில் நின்றால் கோளாறு காதில். பெரும்பாலும் குரும்பி அடைப்பாக இருக்கும், அதற்குக் காது மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சத்தத்தைச் சமப்படுத்தி, சட்டென்று மாற்றி, நல்ல பதிவைப் போட்டுக் கேட்டாலும் இன்னோர் எதிரி மிச்சம்: கண். கனடாவில் ஒலியாய்வைத் தொடங்கி அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போன ஃபிளாய்ட் டூலும் சீன் ஆலிவும் 1994இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஒலிபெருக்கிகளைப் பார்க்கவிட்டும், திரைக்குப் பின்னால் மறைத்தும், ஒரே ஆட்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் அள்ளிய மதிப்பெண் திரைக்குப் பின்னால் மாறிப்போனது. மதிப்பெண் போட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள்தான். அவர்களில் காது பழகியவர்களையும் கண் விடவில்லை.

ஒலிபெருக்கியைத் திரை போட்டு மறைக்கலாம். தலையில் மாட்டும் ஹெட்போனை எப்படி மறைப்பது? கண்ணைக் கட்டினாலும் அதன் எடை, மெத்தையின் சொரசொரப்பு, காதை அழுத்தும் விதம் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆலிவ் குழுவினர் ஆரம்பத்தில், கேட்பவருக்குப் பின்னால் உதவியாளரை நிறுத்தி, கேட்பவர் கையால் தொடவே கூடாது என்று விதி வைத்து ஹெட்போன்களை மாற்றிப் பார்த்தார்கள். பிறகு இன்னும் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்றைக் கண்டார்கள். ஒவ்வொரு ஹெட்போனின் ஒலியையும் அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு ஒரே ஹெட்போனை மற்ற ஹெட்போன்களாக நடிக்கவைப்பது. தலையில் இருப்பது ஒன்றுதான். ஒலி மட்டும் வேஷம் மாறும். கழற்றி மாட்டும் தாமதமும் இல்லை, எடையின் உளவும் இல்லை.

'எனக்கு வித்தியாசம் நல்லாவே தெரியுது' என்று அடித்துச் சொல்பவர்களுக்கென்று ஏ-பி-எக்ஸ் சோதனை இருக்கிறது. 1950இல், முன்னே சொன்ன மன்சனும் அவருடன் ஆய்ந்த கார்ட்னரும் இதன் முதல் வடிவத்தை விவரித்தார்கள். ஏ ஒன்று, பி ஒன்று. எக்ஸ் என்பது இந்த இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு நாலு பங்குகூட வாய்ப்பில்லை. இரண்டு இயர்போன்களுக்கு இடையே இந்தச் சோதனை பெரும்பாலும் அநாவசியம். அவற்றின் ஒலி வேறுபாடு அவ்வளவு வெளிப்படை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயருக்கும் சாதா வயருக்கும், எம்.பி.3க்கும் அதன் மூலப் பதிவுக்கும் இடையே நடத்திப் பார்த்தால்தான் பல வீரவசனங்கள் அடங்கும்.

இத்தனை கவனமாக ஒப்பிடுபவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. காதுக்குள் செருகும் இயர்போனின் முனையிலுள்ள ரப்பர் குமிழ். பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி இருக்கும். அதில் இரண்டு ஜோடி பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போகும். குமிழுக்கும் காதுக்குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், பேஸ் அந்த வழியாக வெளியேறிவிடும். இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்தும்போது பேஸ் திடீரென்று கூடுகிறதா? அப்படியானால் குமிழ் அளவு பொருந்தவில்லை. இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறோர் அளவும் தேவைப்படுவது அபூர்வமில்லை. கடையில் 'டல்லடிக்குது' என்று ஒதுக்கப்படும் இயர்போன்களில் பல, குமிழை மாற்றியிருந்தால் தப்பித்திருக்கும்.

விமர்சகர்கள் வெளியிடும் வரைபடங்களும் காதின் இந்த அமைப்பை வைத்தே வரையப்படுகின்றன. காதுக்குழலின் நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். அந்தக் குழலும் காதுமடலும் சேர்ந்து, திறந்த காதில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இயல்பாகவே பெருக்கிக் கொடுக்கின்றன. குழலை அடைத்தபடி இயர்போன் உட்கார்ந்ததும் அந்த இயற்கைப் பெருக்கம் கெட்டுவிடுகிறது. அதை இயர்போனே ஈடுகட்ட வேண்டும். அளவீட்டுக்கு, காதைப் போலவே நடந்துகொள்ளும் செயற்கைக் குழலொன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஐ.இ.சி. 60318-4 என்ற தரநிலைப்படி செய்வது அது. காதுக்கருவி ஆய்வுக்காக நோல்ஸ் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த 'கெமார்' பொம்மையில் மடலும் தோளும்கூட உண்டு. ஆகவே வரைபடத்தில் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. அது இருக்க வேண்டிய மேடு. நேர்கோடாக இருப்பதுதான் உத்தமம் என்று எண்ணி அதைத் தேடினால் உப்புச்சப்பில்லாத ஒலிதான் கிடைக்கும். 8000, 10000 ஹெர்ட்ஸுக்கு மேலே தெரியும் கூரிய முனைகளையும் நம்ப வேண்டியதில்லை. செயற்கைக் குழலுக்குள் இயர்போனை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலே அவை இடம் மாறும். வெவ்வேறு கருவியில் எடுத்த இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதும் வீண் வேலை.

ப்ளூடூத் இயர்பட்ஸில் ஸ்ப்ளிட்டர் வித்தை நடக்காது. இரைச்சல் தடுப்பு, நிறுவனச் செயலியின் 'பேஸ் பூஸ்ட்' போன்றவை ஒன்றில் இயங்கி மற்றதில் இயங்காமல் இருந்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

விலை பேசாமல் இந்தக் கதை முடியுமா? 2017இல் யெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை அவற்றின் சில்லறை விலையோடு வைத்துப் பார்த்தார். ஒலியின் ஏற்ற இறக்கச் சமனுக்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் தென்படவில்லை. கூடுதல் காசு உலோக உறைக்கோ, பேட்டரிக்கோ, இரைச்சல் தடுப்புக்கோ, பெயருக்கோ போயிருக்கலாம்; அவையும் மதிப்புள்ளவைதான். விருப்பமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஹார்மன் ஆய்வுகளில் கேட்பவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் நிறுவனம் வகுத்த சமநிலையையே விரும்பினார்கள். மிச்சமுள்ளவர்களில் ஒரு கூட்டத்துக்குப் பேஸ் இன்னும் வேண்டும், இன்னொன்றுக்குக் குறைய வேண்டும். பேஸைத் தேடிப் போகிற பையன் ரசனைகெட்டவன் அல்லன். அவன் கேட்கிற பேஸ் அந்தக் கருவியிலிருந்து வருகிறதா, வால்யூமிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

அமைதியான அறையில் ஜெயித்த இயர்போன் பஸ்ஸில் தோற்பதும் நடக்கும். எஞ்சின் உறுமல் தாழ்ந்த ஒலிகளால் ஆனது. தொப்பூர் கணவாயில் கியரை இறக்கி ஏறுகிற வண்டியில் அது பாட்டின் பேஸைத்தான் முதலில் மூடும். காதை நன்றாக அடைக்கிற குமிழ் இல்லாவிட்டால் கை தானாக வால்யூமுக்குப் போகும். ஆகவே பஸ்ஸில் கேட்கப்போகிறவர் ஒப்பீட்டையும் பஸ்ஸிலேயே ஒருமுறை செய்து பார்ப்பது முறை: எந்த இயர்போனில் குறைந்த வால்யூமிலேயே வரிகள் புரிகின்றன என்று. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த வரம்பின்படி, பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. திங்கட்கிழமை தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் போய்த் திரும்பும்போது 89இல் வைத்துக் கேட்டவருக்கு அந்த வாரத்துக் கணக்கு அன்று இரவே ஏறக்குறையத் தீர்ந்திருக்கும்.